அசையாத இடது கை

ஜூன் 12

டாக்டராகப் போகிற அம்மணிக்கு,

போனை நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வருஷத்திலிருந்து இங்கே வாத்தியார்களும் மொபைலை ஆபீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் கையில் தருகிறார்கள். அதில் முக்கால்வாசியை அம்மா எடுத்துக்கொள்கிறாள். மிச்ச நேரத்தில் உன்னோடு சண்டை போடத்தான் முடிகிறது.

"பேப்பர்ல என் பேரு வந்தது உனக்கு வயித்தெரிச்சல்"னு சொன்னாய் பார், அது எனக்கு ரொம்ப வலித்தது. அந்தச் செய்தியை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியவன் நான். உன் அண்ணி இன்றைக்கும் பால்காரர் முதல் பக்கத்து வீட்டு கெமிஸ்ட்ரி மிஸ் வரை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறாள். என் கோபம் வேறு.

பள்ளிக்கூட வாசலில் லாரி நீளத்துக்கு ஒரு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எங்கள் தாளாளர் கைகூப்பி நிற்கிறார். மறுபக்கம் நீ. நடுவில், "மாணவர்களுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும்: அறிவியலின் புதிய கண்டுபிடிப்பு! அந்த ஆராய்ச்சி நடந்த பள்ளி இதுவே!" போன வருஷம் நான் தாளாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி உனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தேனே, அதற்கான பலன்.

ஆறு மணிக்கு அடித்துக்கொண்டிருந்த மணி இப்போது நாலு மணிக்கு அடிக்கிறது. ஆறாம் வகுப்புப் பொடிசுகள் முதல் எல்லாருக்கும். நாலே காலுக்கு முதல் வகுப்பு. நேற்று ஒளிவிலகல் எடுத்தேன். கண்ணாடிப் பட்டகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பினால் ஐம்பது பேரும் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறார்கள். ஒருத்தியின் பேனா நோட்டைத் தாண்டி டெஸ்க் மேல் எழுதிக்கொண்டே போகிறது. தூக்கம் வருகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று ஒரு விதி உண்டு. பாதி வகுப்பு நிற்கிறது. நின்றபடியே தூங்குகிறது.

ஒரு பெண் கேட்டாள், "சார், பிளெக்ஸ்ல இருக்கிறவங்க உங்க தங்கச்சியா? அவங்க எத்தனை மணிக்கு சார் எந்திரிப்பாங்க?" நான் என்ன சொல்ல? காலேஜ் படிக்கும்போது உன்னை எழுப்ப நானும் அம்மாவும் பட்ட பாட்டைச் சொல்லவா?

உன் மருமகளும் இதில் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் வாத்தியார் மகளானாலும் விடுதியில்தான் இருக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். ஞாயிறு மாலை பார்க்க விடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஏதோ அடி வாங்கிய மாதிரி.

தாளாளருக்கு ஒரு வரி எழுது. "என் ஆராய்ச்சி இதைச் சொல்லவில்லை" என்று. அந்த மணியை நிறுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்


ஜூன் 21

அண்ணாவுக்கு,

பிளெக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. என் போட்டோவை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. அது பேப்பரில் வந்த போட்டோதானே? அதில் எனக்கு ஒரு கண் சின்னதாக இருக்கும். லாரி நீளத்துக்கு அந்தக் கண் எப்படி இருக்குமோ.

ஆனால் நீ கோபத்தில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறாய். நாங்கள் கண்டுபிடித்தது என்ன என்று ஒரு தடவை ஒழுங்காகக் கேள். பதினோராம் வகுப்பில் இரண்டு குழு. ஒரு குழு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தது, எட்டு மணி நேரம். இன்னொரு குழு பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தது. ஆனால் அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிஷம் தூங்கினார்கள். எல்லோர் கையிலும் தூக்கத்தைப் பதிவு செய்கிற பட்டை. வாராவாரம் ஞாபகச் சோதனை. இரண்டு குழுவும் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்தன. அதாவது குறைந்த தூக்கத்தை ஒரு சின்ன மத்தியானத் தூக்கம் ஈடுகட்டிவிடலாம். விடலாம் என்றுதான் எழுதினோம். பேப்பர்காரர்கள் அந்த "லாம்"ஐ விழுங்கிவிட்டார்கள்.

உங்கள் தாளாளர் மத்தியானத் தூக்கத்தைக் கொடுக்கிறாரா? இல்லையென்றால் அது என் தப்பு இல்லை. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் என்னால் இப்போது ஒன்றும் எழுதித் தர முடியாது. புரொபசரிடம் கேட்டேன். "ஒரு ஸ்கூல்காரன் எதையோ பண்ணா நாம ஏன் விளக்கம் சொல்லணும்? கிராண்ட் கமிட்டி அடுத்த மாசம் வருது. சும்மா இரும்மா" என்றார். ஐந்து வருஷத்துக்கான ஆராய்ச்சி நிதி அது. எங்கள் லேபில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது.

எனக்கு இது ஆறாவது வருஷம். இந்த ஒரு கட்டுரையை வைத்துத்தான் தீசிஸ் கொடுக்க முடியும். அக்டோபரில் வைவா, வாய்மொழித் தேர்வு. நான் உட்காருகிற அறைக்கு ஜன்னல் கிடையாது, நீ பார்த்திருக்கிறாய். உள்ளே போக அட்டை தேய்க்க வேண்டும், வெளியே வரவும் தேய்க்க வேண்டும். டீ குடிக்கப் போய் எவ்வளவு நேரம் ஆனது என்று புரொபசரின் கம்ப்யூட்டரில் தெரியும். எங்கள் சீனியர் ஒருவருக்கு எட்டு வருஷம் முடிந்துவிட்டது. அவரைப் பரண் என்றுதான் கூப்பிடுகிறோம், தூக்கிப் போட்டு மறந்துவிட்டார்கள் என்று. அவரே அந்தப் பெயருக்கு "என்னப்பா" என்று திரும்பிப் பார்க்கிறார். எனக்கு அது பயமாக இருக்கிறது அண்ணா.

உனக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வாயேன். வேறு வேலையா கிடைக்காது?

மருமகளுக்கு முத்தம். கருவளையத்துக்கு வெள்ளரிக்காய் வைக்கச் சொல்.

தங்கை


ஜூலை 3

வெள்ளரிக்காய் டாக்டருக்கு,

"விட்டு வாயேன்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். உன் மருமகள் இங்கே ஃபீஸ் இல்லாமல் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் அவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? குவார்ட்டர்ஸும் அவர்களுடையது. காலைத் தூக்கி வெளியே வைத்தால் நிற்க இடம் வேண்டாமா?

நீ எழுதாவிட்டால் போகிறது என்று நானே தாளாளரைப் பார்த்தேன். "சார், அந்த ஆராய்ச்சியில மத்தியானத் தூக்கமும் சேர்த்துதான் இருக்கு" என்றேன்.

"மத்தியானம் தூங்க வெச்சா ஸ்பெஷல் டெஸ்ட்டை எப்ப வைக்கிறது சார்? முழுசா முடியலைன்னாலும் பாதியாச்சும் செய்றோம்ல. பாதி மருந்து சாப்பிட்டா பாதி குணமாகாதா?"

சிரிக்காதே. அவர் முகம் அவ்வளவு சீரியஸாக இருந்தது. நான் கிளம்பும்போது நான் கேட்காமலே சொன்னார், "உங்க சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா இருக்கு சார். போன வாரம்தான் பீரோவுக்குப் பூச்சி மருந்து அடிச்சோம்." நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

ஞாயிறு மாலை உன் மருமகளைப் பார்க்கப் போனேன். போன வருஷம் அவள் உன்னுடைய எட்டு மணி நேரக் குழுவில்தானே இருந்தாள். பேச்சுவாக்கில், "அப்பவாச்சும் நல்லாத் தூங்கினே, இல்லடா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"யாருப்பா தூங்கினா?"

"பட்டையில எட்டு மணி நேரம்னு வந்துச்சே."

"பட்டை என்னைக்கும் நல்லாத்தான் தூங்குச்சு."

அப்புறம் சொன்னாள். பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் போர்வைக்குள் ஒரு சின்னப் படிக்கிற விளக்கு. ஒரு மணி வரைக்கும் படிப்பு. பட்டை கட்டிய இடது கையைத் தலையணைக்கு அடியில் அசையாமல் வைத்துக்கொள்வது. வலது கையால் பக்கம் திருப்புவது. "அந்தக் குரூப்பு நாலு மணிக்கே எந்திரிச்சுப் படிக்குதுப்பா. நாங்க ஆறு மணி வரைக்கும் தூங்கிட்டிருந்தா ஞாயித்துக்கிழமை ரேங்க் லிஸ்ட்ல எங்க இருப்போம்?"

"எத்தனை பேர் இப்படி?"

"எல்லாரும்."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வார்டன் மிஸ் விளக்கைப் பிடுங்கிடுவாங்களே."

இந்த யோசனை யார் கொடுத்தது என்று கேட்டேன். என்னையே ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க."

ஞாபகம் இருக்கிறதா? பட்டைகளை நீ கொண்டுவந்த அன்றைக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று நான் போர்டில் படம் போட்டு வகுப்பு எடுத்தேன். உள்ளே ஒரு குட்டி எடை இருக்கிறது, கை அசைந்தால் அது ஆடும், ஆடாமல் இருந்தால் ஆள் தூங்குவதாகப் பட்டை எழுதிக்கொள்ளும் என்று. நீகூடப் பின்னால் நின்று கேட்டாய். நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அதுதான். எப்போதும் வாயைத் திறக்காதவர்கள்கூடக் கேள்வி கேட்டார்கள். ஏன் கேட்டார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

நீ ஐந்து மணி நேரத்தை எட்டு மணி நேரத்தோடு ஒப்பிடவே இல்லை. ஐந்தை ஐந்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அண்ணன்


ஜூலை 11

அண்ணாவுக்கு,

ஒரு பதினேழு வயசுப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னதை வைத்து ஒரு ஆராய்ச்சியையே தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறாய். "எல்லாரும்" என்றால் என்ன அர்த்தம்? அவளும் அவளுடைய நாலு தோழிகளும். எல்லா ராத்திரியுமா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டுமா? அவள் விசாரித்தாளா, எண்ணினாளா? நீ பிசிக்ஸ் வாத்தியார், உனக்குத் தெரியாதா? வாய்ப்பேச்சு வேறு, தரவு வேறு.

நீ கேட்ட கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். மத்தியானத் தூக்கம் இல்லாமல் எங்கள் முடிவு செல்லாது என்று, புரொபசருக்குத் தெரியாமல், என் கையெழுத்தில். ஆனால் இந்த இன்னொரு விஷயத்தை விட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. அண்ணியிடமும் வேண்டாம். அண்ணிக்குத் தெரிந்தால் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத் தெரியும்.

நீ நல்ல வகுப்பு எடுத்ததற்கு நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

தங்கை


ஜூலை 17

அண்ணா,

நீ பதில் போடவில்லை. நானே மறுபடி எழுதுகிறேன்.

எங்கள் அடித்தளத்தில் தூக்க அறை ஒன்று இருக்கிறது. கட்டில், மேலே கேமரா, தலையில் ஒட்டுகிற மூளையலை வயர்கள். நேற்று நானே அங்கே படுத்தேன். பரண்தான் வயர் ஒட்டிவிட்டார். இடது கையில் பட்டை, அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வலது கையில் ஒரு துப்பறியும் நாவல். போர்வைக்குள் விளக்கு. பொழுது விடியும்வரை படித்தேன். கொலைகாரன் டாக்டர் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.

கஷ்டமாகவே இல்லை அண்ணா. அதுதான் என்னை என்னமோ செய்துவிட்டது. முதல் கால் மணி நேரம் கை மரத்துப்போகிறது. பிறகு அது என் கையே இல்லை என்பது மாதிரி ஆகிவிடுகிறது. அதை மறந்துவிட்டு வலது கையால் புரட்டிக்கொண்டே போகலாம். இந்தப் பிள்ளைகள் மூன்று மாசம் இதைச் செய்திருக்கிறார்கள்.

காலையில் பட்டை சொன்னது, ஆறே முக்கால் மணி நேரம் ஆழ்ந்த தூக்கம். மூளையலையில் ஒரு பொட்டுத் தூக்கம்கூட இல்லை. பரண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

பள்ளியிலும் மூளையலை எடுத்திருக்கலாம். சில பேருக்காவது, சில ராத்திரிகளாவது. பிள்ளைகளுக்கு வயர் ஒட்டக்கூடாது என்று உங்கள் தாளாளர் சொன்னார். பட்டையே போதும் என்று புரொபசர் சொன்னார். சரி என்று தலையாட்டியது நான். எனக்கும் சீக்கிரம் முடிய வேண்டும் என்றிருந்தது.

எனக்கு மூன்று மாசம் கொடு. அக்டோபரில் வைவா முடியட்டும். பட்டம் கைக்கு வந்த மறுநாளே நான் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். சத்தியமாக. மூன்று மாசம்தானே, நீ பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அது பழக்கம்தானே.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய்.

தங்கை


ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்து விடுதியிலிருந்து இறங்கி வரும்போது உன் மருமகள் படிக்கட்டில் விழுந்துவிட்டாள். வழுக்கவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. இறங்கிக்கொண்டே தூங்கியிருக்கிறாள். முன்னால் போனவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அப்புறம் தரையில் கிடந்தேன் என்கிறாள். வலது கையில் இரண்டு எலும்பு முறிவு. நெற்றியில் தையல். மதிலுக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. யாரோ என்று நினைத்துக்கொண்டு நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டுப் போட்டு வந்த பிறகு அழுதாள். வலிக்கிறதா என்றேன். "ஞாயித்துக்கிழமை டெஸ்ட் எழுத முடியாதேப்பா. ரேங்க் போயிடுமே" என்றாள். உன் அண்ணி அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

தாளாளர் பழக்கூடையோடு வந்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். எழுத முடியாவிட்டால் வாயால் பதில் சொல்லட்டும், அவளுக்காக ஒரு மிஸ்ஸை நாலு மணிக்கு அனுப்புகிறேன் என்றார். உன் மருமகள் அவருக்கு நன்றி சொன்னாள். என் மகள்தானே.

உன்னை நான் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. உன் பட்டம் உன் இஷ்டம். மூன்று மாசத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணாவுக்கு,

அனுப்பிவிட்டேன். கட்டுரை வெளியான பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு. எட்டு மணி நேரக் குழு எட்டு மணி நேரம் தூங்கவில்லை, எனவே முடிவு தப்பு, திரும்பப் பெறுகிறேன் என்று. என் படுக்கைச் சோதனையையும் சேர்த்து வைத்தேன். பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு பத்தி எழுதினேன். தூங்கச் சொன்னோம், ஆனால் தூங்கினாலும் ரேங்க் போகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதை நாங்கள் யோசிக்கவே இல்லை என்று.

அனுப்புவதற்கு முன்னால் புரொபசரைப் பார்த்தேன். அவர் கத்துவார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா இதைத் தப்புன்னு ஏன் சொல்றே? லிமிடேஷன்னு சொல்லு. கடைசிப் பத்தியில ரெண்டு வரி சேர்த்துடலாம். அடுத்த கட்டுரையில சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த ஸ்கூல்ல மணி அடிச்சிட்டேதான் இருக்கும் சார்."

"இன்னைக்கு நீ திரும்ப வாங்கினா மட்டும் நின்னுடுமா?"

"தெரியல சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கிராண்ட் போனால் பரணுக்கும் சம்பளம் நிற்கும், லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் நிற்கும், யோசித்துச் செய் என்றார். யோசித்தேன். அதனால்தான் அன்றைக்கு அனுப்பாமல் மறுநாள் அனுப்பினேன்.

இப்போது நிலைமை என்னவென்றால், தீசிஸ் இல்லை. வைவா இல்லை. புதிதாக ஆராய்ச்சி தொடங்கினால் இன்னும் மூன்று வருஷம், அதற்கு உதவித்தொகை கிடையாது. விட்டுவிட்டு வெளியே போனால் ஆறு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அட்டை இன்னும் வேலை செய்கிறது. தினமும் தேய்த்து உள்ளே போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் தேய்த்து வெளியே வருகிறேன். யாரும் என்னிடம் ஒரு வேலையும் சொல்வதில்லை. பரண் மட்டும் பேசுகிறார். "எனக்கு எட்டு வருஷத்துல வராத தைரியம்" என்றார். எனக்குத் தைரியமாக இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் ஊரெல்லாம் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மருமகளின் கையைத் தடவிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வலது கை. அந்தக் கையால்தானே பக்கம் புரட்டினாள்.

அறிவிப்பு வெளியானதும் அச்செடுத்து அனுப்புகிறேன். தாளாளர் மேசையில் வை. அந்த மணி நின்றது என்று ஒரே ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

தங்கை


செப்டம்பர் 20

என் தங்கத்துக்கு,

நீ அனுப்பிய அறிவிப்பைத் தாளாளர் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே வைத்தேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பீரோவைப் பற்றி அவர் பேசுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், "சர்டிபிகேட்டைப் பூச்சி தின்னாலும் பரவாயில்ல சார், இதைப் படிங்க." என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். நீ அங்கே செய்ததை நினைத்துக்கொண்டுதான் பேசினேன்.

அவர் பொறுமையாக இரண்டு தடவை படித்தார். மறுநாளே பிளெக்ஸை இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு நான் உனக்குத் தந்தி அடிக்காத குறைதான். அவசரப்படாமல் இருந்தது நல்லதாயிற்று.

பெற்றோர் கூட்டம் போட்டார். ஆராய்ச்சி தப்பாகிவிட்டது, பழையபடி மணியை மாற்றலாமா என்று அவரே கேட்டார். ஒரு அப்பா எழுந்து, "பக்கத்து ஸ்கூல்ல நாலு மணிக்கு எழுப்புறாங்களே, அவங்களும் மாத்துறாங்களா?" என்றார். உன் செய்தி வந்த பிறகு அந்தப் பள்ளி மாற்றியது. அதைப் பார்த்து இன்னொன்று. இப்போது இந்த வட்டாரத்தில் எல்லாருமே நாலு மணிதான். அவர்கள் யாரும் உன் அறிவிப்பைப் படிக்கப்போவதில்லை. ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "பிள்ளைங்க ரொம்ப இளைச்சுப்போச்சுங்க" என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தாளாளர் ஒரு யோசனை சொன்னார். "நாம யாரும் முடிவு பண்ண வேணாம். எந்திரிக்கப் போறது பிள்ளைங்க. அவங்களே சொல்லட்டும். ஓட்டுப் போடட்டும்."

கை தூக்கச் சொல்லத்தான் நினைத்தார். நான் விடவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை தூக்கம் வேண்டும் என்று கை தூக்கும்? சீட்டில் எழுதி மடித்துப் போடட்டும், பெயர் வேண்டாம் என்று அடம்பிடித்து ஒத்துக்கொள்ள வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சீட்டை நானே தயார் செய்தேன். நாலு மணி, ஒரு கட்டம். ஆறு மணி, ஒரு கட்டம். பெட்டியைப் பிசிக்ஸ் லேபில் ஆள் இல்லாத மூலையில் வைத்தேன். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

நானும் வார்டன் மிஸ்ஸும் எண்ணினோம். தாளாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு விழுந்தவை ஒரு கைப்பிடி. அவை பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பொடிசுகளாக இருக்கும், கட்டம் முழுக்கக் கிறுக்கி வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு அதைவிட நிறைய. ஆனால் இரண்டையும்விட உயரமாக வளர்ந்தது மூன்றாவது குவியல். அவற்றில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுத வழியே இல்லை, லேபில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான். "எல்லாரும் தூங்கினா நானும் தூங்குறேன்." ஒன்றில், "மத்த ஸ்கூலும் தூங்குமா சார்?" என்று என்னையே கேட்டிருந்தது.

தாளாளர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். அவருக்குக்கூட ஒரு நிமிஷம் முகம் மாறியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு மேசையில் வைத்துவிட்டு, "குறி போடாததெல்லாம் செல்லாத ஓட்டு சார். செல்லுபடியானதை மட்டும் எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். நாலு மணி ஜெயித்தது.

உன் மருமகள் என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம். கட்டோடு இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். ரேங்க் மூன்று இடம்தான் இறங்கியிருக்கிறது என்று சந்தோஷப்படுகிறாள்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். நீ செய்தது வீண் என்று நினைக்காதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ நம்ப மாட்டாய். இங்கே வா. அந்த ஜன்னல் இல்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இங்கே வந்து நாலு நாள் இரு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பகலில் வா, உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நாளை நாலே காலுக்கு முதல் வகுப்பை எனக்குத்தான் போட்டிருக்கிறார்கள். செல்லாத சீட்டுகளைப் பற்றி அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இப்போதிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. நான் போவதற்கு முன்னாலேயே எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணன்